தேதி இல்லாத பனி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வண்டி ஓட்டியவர்கள் கவனித்திருப்பார்கள். மாநில நெடுஞ்சாலையின் எண் எழுதிய பலகைகளில் ஒரு கிழவரின் பக்கவாட்டு முகம் வரைந்திருக்கும். துருத்திய நெற்றி, மூக்கு, தாடை. எண் அந்த முகத்துக்குள்ளே இருக்கும். 2000-ல் வந்த அந்த மாநிலத்தின் கால் டாலர் நாணயத்திலும் அதே முகம்தான்.

2005 கடைசியில் வேலை நிமித்தமாக நான் அங்கே நாஷுவா என்ற ஊருக்குப் போய் இறங்கினேன். பலகையை நாலைந்து வாரம் பார்த்தபிறகு, ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரரிடம் "இது யார் முகம்?" என்று கேட்டேன். ஒரு மலை உச்சியில் இருந்த பாறை என்றார். "எங்கே இருக்கு? ஒரு நாள் போய்ப் பார்க்கணும்" என்றேன். "மலை இருக்கு. முகம் விழுந்து மூணு வருஷம் ஆகப்போகுது" என்றார்.

ஆனாலும் போனேன். ஒரு நாள் காலையில் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஓட்டி, ஃப்ராங்கோனியா கணவாய்க்குப் போய், முகம் இல்லாத பாறையை ஐந்தாறு படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அது பிப்ரவரியா மார்ச்சா என்று இன்று என்னால் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையே அந்த "சொல்ல முடியாது" என்பதைப் பற்றித்தான்.

மூன்று விஷயம் மட்டும்

அந்தப் பக்கத்து மேஜைக்காரருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்களைப் போல மென்பொருள் வேலைதான். பொழுதுபோக்கு புகைப்படம். அதிலும் மூன்று விஷயம்தான் எடுப்பார். ஊர்ப் பள்ளிக்கூடப் பையன்களும் பெண்களும் ஆடுகிற விளையாட்டு, பனிக்காலத்து ஏரிகள், அந்த மாநிலத்துப் பாறைகளும் அருவிகளும். கல்யாணம், காதுகுத்து மாதிரி எதற்கும் போகமாட்டார். காசும் வாங்கமாட்டார். மேட்ச் முடிந்ததும் ஆடிய பிள்ளைகளின் வீட்டுக்குப் படங்களைக் கொடுத்துவிடுவார்.

அவர் படங்களைப் பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பு எதுவும் வரவில்லை, உண்மையைச் சொன்னால். நல்ல படங்கள், அவ்வளவுதான். வியப்பாக இருந்தது இன்னொன்று. ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்பு இருக்கும்: தேதி, மணி, எங்கே நின்றார், எந்தத் திசை பார்த்து. "ஏரிக்கரை, படகுத்துறையின் இடது மூலை, வடமேற்கு" என்கிற மாதிரி. ஒவ்வொரு ஜனவரியும் அதே மூலையில் போய் நின்று அதே திசையில் ஒரு படம். கணக்குப்பிள்ளை வேலை என்று அப்போது எனக்குள் சிரித்துக்கொண்டேன். இருபது வருஷம் கழித்து என் சொந்தப் படங்களைத் திறந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அந்தக் கதைக்கு முன்னால், இந்த மூன்றையும் எடுப்பதில் என்ன சிக்கல் என்று பார்த்துவிடுவோம். மூன்றுமே கேமராவை ஏமாற்றக்கூடியவை.

பனி ஏன் சாம்பலாக விழுகிறது

பனிப்பொழிவை முதன்முதலில் படம் எடுக்கும் நம்மூர்க்காரர் எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. கண்ணுக்குப் பளீரென்று வெள்ளை. படத்தில் மங்கிய சாம்பல், கொஞ்சம் நீலம் வேறு.

காரணம் எளிது. கேமராவின் லைட் மீட்டருக்கு முன்னால் இருப்பது பனியா, கரி மூட்டையா என்று அதற்குத் தெரியாது. வந்து சேரும் வெளிச்சத்தை மட்டும்தான் அளக்கும். அதனால் ஒரு அனுமானம் வைத்திருக்கிறார்கள்: சராசரிக் காட்சி தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அதாவது நடுத்தரச் சாம்பல். புதிதாக விழுந்த பனி 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மீட்டர் என்ன நினைக்கும்? "அடேயப்பா, என்ன வெயில்" என்று நினைத்து ஒளியைக் குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகிவிடும்.

எவ்வளவு தப்பு செய்கிறது என்று கணக்குப் போடலாம். புகைப்படத்தில் ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது. 18-ஐ இரட்டித்தால் 36, மறுபடி இரட்டித்தால் 72. பனி அதற்கும் கொஞ்சம் மேலே. ஆக இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். ஆனால் படம் முழுக்கப் பனியாக இருக்காது, மரம், ஆள், வானம் எல்லாம் கலந்திருக்கும். அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் கூட்டல் 1 முதல் கூட்டல் 2 வரை வைத்தால் சரியாக வரும். நீலத்துக்கு வேறு காரணம். வெயில் நேராக விழாத இடத்தில் பனிமேல் விழுவது வானத்து ஒளி, அது நீலம்தான். நம் மூளை அதைச் சரிசெய்துகொள்கிறது. கேமரா செய்வதில்லை.

விளையாட்டு: நொடியில் ஆயிரத்தில் ஒன்று

ஐஸ் ஹாக்கி எடுப்பதில் இதே பனிச் சிக்கல் மறுபடி வரும், தரை முழுக்க வெள்ளை ஐஸ் என்பதால். ஆனால் உள்ளரங்கில் வெளிச்சம் மாறாது. அதனால் ஒருமுறை சோதித்து, மேனுவலில் வைத்துவிட்டால் மேட்ச் முடியும்வரை தொடவேண்டாம். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து எடுப்பதானால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பார்வையாளர் வரிசை முழுக்க அதில் பிரதிபலிக்கும்.

இன்னொரு சிக்கல் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதில் மின்சாரம் வருகிறது. ஓடுகிறவர்களை உறையவைக்க ஷட்டர் நொடியில் 500-ல் ஒரு பங்கோ 1000-ல் ஒரு பங்கோ வேண்டும். அப்படி எடுத்தால் ஒரே அரங்கில் அடுத்தடுத்து எடுத்த மூன்று படத்தில் ஒன்று மஞ்சள், ஒன்று இருட்டு, ஒன்று சரி என்று வரும். கேமரா பழுதில்லை. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. பழைய வகை அரங்க விளக்குகள் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அதாவது நொடிக்கு 120 துடிப்பு. ஒரு துடிப்பு ஏறக்குறைய 8 மில்லிநொடி. 1000-ல் ஒரு நொடி என்பது 1 மில்லிநொடி. ஆக நாம் எடுப்பது ஒரு துடிப்பில் எட்டில் ஒரு துண்டு. அது உச்சியில் விழுந்ததா பள்ளத்தில் விழுந்ததா என்பது அதிர்ஷ்டம். 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2 போன்ற கேமராக்கள் இந்தத் துடிப்பைக் கண்டுபிடித்து, உச்சியில் ஷட்டரைத் திறக்கப் பழகின. நம் ஊரில் மின்சாரம் 50 சுற்று, அதனால் 100 துடிப்பு. உள்ளரங்கு ஷட்டில் மேட்ச் எடுத்தவர்களுக்கு இந்த மஞ்சள் தெரிந்திருக்கும்.

பாறை: அசையாது என்று நினைத்தது

மூன்றாவது எடுக்கச் சுலபம் என்று தோன்றும். பாறை ஓடாது, துடிக்காது. நாளைக்கும் இருக்கும்.

"மலையின் கிழவர்" என்று அழைக்கப்பட்ட அந்த முகம் கேனன் மலையின் செங்குத்துச் சரிவில், கீழே இருக்கும் ப்ரொஃபைல் ஏரியிலிருந்து சுமார் 1,200 அடி உயரத்தில் இருந்தது. ஐந்து கருங்கல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. நெற்றியிலிருந்து தாடைவரை ஏறக்குறைய 40 அடி. வெள்ளைக்காரர்கள் அதைக் கவனித்து எழுதிவைத்தது 1805-ல். விரிசலில் தண்ணீர் இறங்கும், குளிரில் உறைந்து விரியும், கோடையில் இளகும். வருஷா வருஷம் இதே வேலை. 1916-லேயே இரும்புக் கம்பிகள் போட்டு இழுத்துக் கட்டினார்கள். 1958-ல் இன்னும் பெரிய அளவில் வேலை செய்தார்கள்.

2003 மே 3 அதிகாலை அது விழுந்தது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. மலை மேகத்தில் மூடிக்கிடந்த நேரம் அது. காலையில் மேகம் விலகியபோது பூங்கா ஊழியர்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், முகத்தைக் காணோம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பாறைக்கு முகம் என்பது ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்து பார்த்தால்தான். சற்றுத் தள்ளிப்போனால் வெறும் கல். அதாவது "முகம்" என்பது பாறையும் நாம் நிற்கும் இடமும் சேர்ந்து உண்டாக்கியது. 2011-ல் ஏரிக்கரையில் ஒரு நினைவுச் சதுக்கம் திறந்தார்கள். அங்கே எஃகுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். உங்கள் உயரத்துக்கான இடத்தில் நின்று கம்பத்தின் வழியே மலையைப் பார்த்தால், கம்பத்தின் மேல்முனையில் உள்ள மேடுபள்ளங்கள் மலைவிளிம்போடு சேர்ந்து பழைய முகமாகத் தெரியும். நிற்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. "படகுத்துறையின் இடது மூலை, வடமேற்கு" என்று என் நண்பர் எழுதிவைத்ததற்கு அர்த்தம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது.

வீரர்களுக்குப் பின்னால் நிற்கும் மரம்

இடத்துக்கு இவ்வளவு மதிப்பு என்றால் தேதிக்கு? இதற்கு நான் படித்ததிலேயே அழகான உதாரணம் பெல்ஜியத்தில் இருக்கிறது, அதுவும் ஒரு விளையாட்டுப் போட்டியில்.

டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் என்பது ஒருநாள் சைக்கிள் பந்தயம். வருஷா வருஷம் ஏப்ரல் தொடக்கத்தில் நடக்கும். கிட்டத்தட்ட அதே மேடுகள், அதே தெருக்கள். தொலைக்காட்சி அதை முழுக்க ஒளிபரப்பும். கென்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. 1981 முதல் 2016 வரையிலான 200 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பழைய ஒளிபரப்பை உட்கார்ந்து பார்த்தார்கள். சைக்கிள்காரர்களை அல்ல, அவர்களுக்குப் பின்னால் சாலையோரம் நிற்கும் மரங்களை. திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற 46 மரங்களையும் புதர்களையும் அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் பந்தயத்தன்று இலை விட்டிருக்கிறதா, பூ விட்டிருக்கிறதா என்று மதிப்பெண் போட்டார்கள். 1980-களில் பந்தயத்தன்று ஏறக்குறைய எந்த மரத்திலும் இலை இல்லை. 1990-களுக்குப் பிறகு பல மரங்கள் அதே நாளில் தழைத்து நிற்கின்றன. அந்தப் பகுதியின் சராசரி வெப்பநிலை 1980-லிருந்து சுமார் 1.5 டிகிரி கூடியிருக்கிறது என்பதோடு இது பொருந்தியது. 2018-ல் இது வெளியானது.

கேமராமேன்கள் யாரும் மரத்தைப் படம் எடுக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அவர்கள் எடுத்தது பந்தயத்தை. பந்தயத்துக்கு ஒரு தேதி இருந்தது, பாதைக்கு ஒரு இடம் இருந்தது. அந்த இரண்டும் போதும், பின்னணி ஆதாரமாகிவிட்டது.

நியூ ஹாம்ப்ஷயருக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் மாசசூசெட்ஸிலும் இதுபோல ஒன்று நடந்திருக்கிறது. அங்கே லோவெல் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் 1868 மே 30 அன்று, உள்நாட்டுப் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியவர்களை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். பின்னால் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் அதே மே 30 அன்று அதே இடத்தில் எடுத்த படத்தில் மரங்கள் முழுக்க இலை. இரண்டு படத்தை வைத்து மட்டும் எதையும் நிரூபிக்க முடியாது. 1868-ன் வசந்தம் குளிரான ஒன்று. ஆனால் தேதி போட்ட பல படங்களையும் வெப்பநிலைப் பதிவுகளையும் சேர்த்து வைக்கும்போது ஒரு போக்கு தெரியவருகிறது. படத்தின் பின்னால் யாராவது "மே 30" என்று எழுதாமல் விட்டிருந்தால் அது மொட்டை மரங்களுக்குக் கீழே நிற்கும் கூட்டம், அவ்வளவுதான். டிசம்பர் என்றே நினைத்திருப்போம்.

ஏரிகளும் இப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயரில் வின்னிபெசாக்கி என்ற பெரிய ஏரி உண்டு. ஐஸ் எப்போது விலகுகிறது என்று 1887-லிருந்து தேதி எழுதி வருகிறார்கள். விதி வேடிக்கையானது: மவுன்ட் வாஷிங்டன் என்ற சுற்றுலாக் கப்பல் தன் துறைகள் எல்லாவற்றுக்கும் போய்வர வழி திறந்துவிட்டால் "ஐஸ் போயிற்று" என்று அர்த்தம். சிறிய விமானத்தில் பறந்து பார்த்து அறிவிக்கிறார்கள். மிகத் தாமதமாக விலகியது 1888 மே 12. மிகச் சீக்கிரம் என்று 2016 மார்ச் 18 இருந்தது. 2024-ல் மார்ச் 17 அதை ஒருநாளில் முந்திவிட்டது. எல்லாம் பொழுதுபோக்குக்காகத் தொடங்கியதுதான். யாரும் பருவநிலை ஆய்வு என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் தவறாமல் தேதி எழுதினார்கள்.

என் ஃபோல்டர்

இப்போது என் கதை. அந்த முதல் பனிக்காலத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினேன். கடும் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், உள்ளே நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடுவதால். கழற்றிச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் கொஞ்சம் உயிர் வரும் என்று நண்பர் சொல்லிக்கொடுத்தார். உண்மைதான். ஆனால் பேட்டரியை வெளியே எடுத்தால் கேமராவின் கடிகாரத்தை ஓடவைப்பது உள்ளே இருக்கும் ஒரு குட்டி மின்கலம். என் மலிவுக் கேமராவில் அது சீக்கிரம் செத்துவிடும். மறுபடி பேட்டரியைப் போட்டதும் "தேதியை அமைக்கவும்" என்று திரையில் வரும். தடித்த கையுறையோடு யார் அமைப்பது? தாண்டிவிட்டேன். கேமரா 2003 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டது. இப்படி அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை.

பதினெட்டு வருஷம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்கைத் திறந்தால் படங்கள் எல்லாம் 2003 ஜனவரி. அப்போது நான் சென்னையில் இருந்தேன், பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று கொத்துப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஹாக்கி மேட்ச், அம்மா, பாறை என்று கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டாகக் கிடந்தன.

ஒரு ஆறுதல்: கடிகாரம் தப்பாகத் தொடங்கினாலும் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. ஆக ஒவ்வொரு கொத்திலும் ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கண்டுபிடித்து மொத்தத்துக்கும் கூட்டிவிடலாம்.

முதல் கொத்தில் நண்பரோடு போய்ப் பார்த்த பள்ளி ஹாக்கி மேட்ச் இருந்தது. ஒரு படத்தின் மேல் மூலையில், கொஞ்சம் கலங்கலாக, ஸ்கோர்போர்டு. 4-3, மூன்றாவது பகுதி, மீதி 1:12. உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய இதழ்களில் அந்தப் பள்ளியின் அந்த சீசன் முடிவுகளைத் தேடினேன். சொந்த அரங்கில் 4-3 என்று முடிந்தது ஒரே ஒரு மேட்ச், 2006 ஜனவரி 21, சனிக்கிழமை இரவு. கேமரா சொன்னது 2003 ஜனவரி 9 அதிகாலை 4:20. மேட்ச் முடியும் நேரம் இரவு 8:40 வாக்கில் என்று வைத்தால் வித்தியாசம் 1,108 நாள், 16 மணி, 20 நிமிடம். அரைமணி முன்பின் இருக்கலாம்.

சரியா என்று எப்படிச் சோதிப்பது? அதே கொத்தின் முதல் படம் ஆபீஸ் வண்டி நிறுத்துமிடம், அந்தி நேரம். கேமரா கணக்கில் நள்ளிரவு தாண்டி 3 நிமிடம். வித்தியாசத்தைக் கூட்டினால் ஜனவரி 13, வெள்ளிக்கிழமை மாலை 4:23. ஜனவரி நடுவில் அங்கே சூரியன் மறைவது நாலரை மணி சுமாருக்கு. பொருந்துகிறது. உண்மையில் அந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

இரண்டாவது கொத்தில் ஸ்கோர்போர்டு எதுவும் இல்லை. அப்பா ரிட்டயர் ஆகி, அப்பாவும் அம்மாவும் என்னோடு இரண்டு மாதம் வந்து இருந்த சமயம். அம்மா பனி பார்க்கணும் என்று சொன்னதால்தான் குளிரிலேயே வரவழைத்தேன். வின்னிபெசாக்கி ஏரிமேல், உறைந்த ஐஸில், என் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அம்மா நிற்கிறாள். புடவைக்குக் கீழே பூட்ஸ். பின்னால் மீன்பிடிக்கிறவர்கள் ஐஸ்மேல் இழுத்துவந்து போடும் மரக்குடில், அங்கே பாப் ஹவுஸ் என்பார்கள். அதை ஏப்ரல் 1-க்குள் ஏரியிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். ஆக ஏப்ரலுக்கு முன். அதற்குமேல் நகரமுடியவில்லை.

அம்மா போய் ஆறு வருஷமாயிற்று. அப்பாவுக்கு போன் போட்டேன். தேதியெல்லாம் எப்படிப்பா ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே, "அந்த ஏரிமேல நின்னோமே, அது எப்பப்பா?" என்றேன்.

"அதுவா? அன்னிக்கு உங்கம்மா ஒண்ணும் சாப்பிடலையேடா. சிவராத்திரி. வழியில நீ வாங்கின உருளைக்கிழங்கு வறுவல் ரெண்டு பங்கையும் நான்தானே தின்னேன்."

ஊரிலிருந்து தினசரி காலண்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்திருந்தாள் அம்மா. என் சமையலறையில் ஆணி இல்லாமல் ஃபிரிட்ஜ் காந்தத்தில் தொங்கவிட்டு, தினம் ஒரு தாள் கிழிப்பாள். 2006-ல் மகா சிவராத்திரி பிப்ரவரி 26. அது ஞாயிற்றுக்கிழமை. எங்களால் ஏரிக்குப் போயிருக்கக்கூடிய நாள். இரண்டாவது கொத்துக்கும் தேதி கிடைத்துவிட்டது.

மூன்றாவது கொத்துதான் பாறை. முகமில்லாத மலையின் ஆறு படங்கள். தனியாகப் போனேன். மேட்ச் இல்லை, விரதம் இல்லை, ரசீது இல்லை. மேகமூட்டம் என்பதால் நிழலும் இல்லை. இருந்திருந்தால் சூரியனின் கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கலாம். அதற்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை.

செய்யவேண்டியது கொஞ்சம்தான்

நீங்களும் மொபைலிலோ கேமராவிலோ ஊர் மேட்ச், ஏரி, மலை என்று எடுப்பவராக இருந்தால், என் தலைவலி உங்களுக்கு வராமல் இருக்க நான்கு விஷயம்.

1. படத்துக்குள்ளே எக்ஸிஃப் என்ற பகுதியில் எடுத்த நேரம் பதிவாகும். அதில் பல காலம் நேர மண்டலம் எழுத இடமே இல்லை, 2016-ல் வந்த 2.31 பதிப்பில்தான் சேர்த்தார்கள். ஆகவே வெளிநாடு போனால் கேமரா கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறது என்று எங்கேயாவது எழுதிவையுங்கள்.

2. கடிகாரத்தில் சந்தேகம் இருந்தால், சரியான நேரம் காட்டும் ஒன்றை, மொபைல் திரையையோ ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தையோ, ஒரு படம் எடுத்துவிடுங்கள். மேட்ச் என்றால் ஸ்கோர்போர்டை ஒருமுறை. அந்த ஒரு படம் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலில் ஒரே கட்டளையில் நூற்றுக்கணக்கான படத்தின் நேரத்தை நகர்த்தலாம். அசலைப் பிரதி எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

3. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்குவதோடு இந்தத் தகவலும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கம்ப்யூட்டரில் ஃபைலுக்குப் பக்கத்தில் தெரியும் "மாற்றப்பட்ட தேதி"யை நம்பவேண்டாம். அது எடுத்த தேதியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

4. வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு படம். எங்கே நின்றீர்கள் என்று ஒரு வரி.

என் நண்பர் அந்த மலைமுகத்தையும் வருஷா வருஷம் ஒரே இடத்திலிருந்து எடுத்துவந்தவர். விழுந்தபிறகும் நிறுத்தவில்லை. முகம் இருந்த வருஷங்களின் படமும் இல்லாத வருஷங்களின் படமும் அவர் ஆல்பத்தில் ஒரே அளவில், ஒரே குறிப்போடு, வரிசையாக இருந்தன. எனக்கு அதைக் காட்டியபோது எந்தப் படத்திலும் அவர் நிற்கவில்லை, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனார்.

என் ஆறு படங்களுக்கு இப்போது ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: "கேனன் மலை, ஏரிப்பக்கத்திலிருந்து. 2006, பனி இருந்த ஏதோ ஒரு நாள்." சாலையோரம் குவித்திருந்த பனியின் உயரம் ஒரு படத்தில் தெரிகிறது. அன்றாட வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கிடைத்தால் அந்த வரியைத் திருத்துவேன்.